பழைய அவுட்போர்டு என்ஜினைச் சூடேற்றியே கொல்வது எப்படி?

உங்களிடம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜின் இருக்கிறது. அப்பா காலத்து ஜான்சனாக இருக்கலாம். மாமனார் “நல்ல கண்டிஷன் மாப்ளே” என்று சொல்லிக் கட்டிவிட்ட 15 குதிரைத்திறன் யமஹாவாக இருக்கலாம். முட்டத்திலோ பாம்பனிலோ மன்னாரிலோ மூன்று கை மாறி, எந்த வருடத்து மாடல் என்றே தெரியாமல் வந்து சேர்ந்ததாகவும் இருக்கலாம். இப்போது அது சூடாகிறது. வாழ்த்துகள்!

சூடாகும் என்ஜினைச் சரிசெய்யச் சொல்லித்தர ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதை முறையாக, படிப்படியாக, இனி எந்த மெக்கானிக்காலும் மீட்க முடியாத நிலைக்குக் கொண்டுபோகச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. பயப்படாதீர்கள், இதில் பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டீர்கள். மீதியை நாம் சேர்ந்து செய்வோம்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ளுங்கள். காரில் இருக்கும் ரேடியேட்டர் இதில் கிடையாது. கடல்தான் ரேடியேட்டர். என்ஜினின் காலில், புரொப்பல்லருக்குப் பக்கத்தில் சல்லடை போட்ட சிறு வாய் ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதன் வழியாக உள்ளே வரும். கியர் பாக்ஸுக்கு மேலே, புரொப்பல்லரைச் சுழற்றும் அதே ஷாஃப்டில், இம்பெல்லர் என்ற ரப்பர்ச் சக்கரம் மாட்டியிருக்கும். அது தண்ணீரை இழுத்து ஒரு செம்புக் குழாய் வழியாக மேலே தள்ளும். தண்ணீர் சிலிண்டரைச் சுற்றி வந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து மறுபடி கடலுக்கே போய்விடும். அவ்வளவுதான் விஷயம். இந்த ஏற்பாடு முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு துண்டு ரப்பரை நம்பி இருக்கிறது. அதன் விலை உங்கள் ஒரு நாள் மண்ணெண்ணெய்ச் செலவைவிடக் குறைவு.

எனவே உங்கள் இலட்சியம் தெளிவாகிவிட்டது. என்ஜினில் எதை வேண்டுமானாலும் கழற்றுங்கள், அந்த ரப்பரை மட்டும் தொடாதீர்கள்.

1. பின்னால் பீச்சும் தண்ணீரைப் பார்க்காதீர்கள்.

என்ஜின் ஓடும்போது பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து ஒரு தாரை தண்ணீர் பீச்சும். பம்ப் உயிரோடு இருக்கிறது என்று என்ஜின் சொல்லும் சேதி அது. நீங்கள் எப்போதும் அணியத்தைப் பார்த்தே உட்காருங்கள். தாரை மெலிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், “அதுக்கும் வயசாகுதுல்ல” என்று சொல்லிச் சிரியுங்கள்.

ஒருநாள் தாரை முழுதாக நின்றுவிடும். அப்போது ஒரு கம்பியை எடுத்துத் துளைக்குள் விட்டுக் குத்துங்கள். பல மாதம் கொட்டகையில் கிடந்த என்ஜின் என்றால் குளவி கட்டிய மண் உதிரும், தண்ணீர் வரும். இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. ஒரு தடவை குளவி மண் வந்துவிட்டால், இனி ஆயுள் முழுக்க என்ன கோளாறு வந்தாலும் குளவிதான் காரணம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கம்பியைக் கயிற்றில் கட்டி என்ஜினிலேயே தொங்கவிடுங்கள்.

தாரை நன்றாக வருகிறதா? அப்படியானால் எல்லாம் சரி என்று படுத்துத் தூங்குங்கள். சில மாடல்களில் அந்தத் தாரை, தண்ணீர் சிலிண்டர் ஹெட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே பிரிந்து வெளியே வந்துவிடும். பம்ப் நன்றாக இருக்கும், மேலே அடைத்துக்கொண்டு ஹெட் வெந்துகொண்டிருக்கும், பின்னால் தாரை மட்டும் அழகாகப் பீச்சும். அதைப் பார்த்து நீங்கள் மகிழலாம். 1950களின் மாடல் பலவற்றில் இந்தத் துளையே கிடையாது. தண்ணீர் புகையோடு சேர்ந்து காலின் பின்புறம் சாரலாகத் தெறிக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட என்ஜின் கிடைத்தால், துளை அடைத்துவிட்டது என்று பதறி, இல்லாத துளையைத் தேடி மூடியைக் கழற்ற ஆரம்பியுங்கள்.

2. சூட்டை அளக்காதீர்கள், ஊகியுங்கள்.

ஹெட்டின் மீது நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் விஷயம் தெரிந்துவிடும். சொட்டு அப்படியே வழிந்தால் பிழைத்தது. துள்ளிப் பொரிந்தால் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது, உடனே நிறுத்த வேண்டும். இவ்வளவு எளிய சோதனையைச் செய்தால் கைத்திறனுக்கு என்ன மரியாதை? பெயின்ட் கொப்பளித்து உரியும்வரை காத்திருங்கள். உரிந்தபின் “கம்பெனி பெயின்டே மட்டம்” என்று சொல்லி, ஒரு டப்பா நீலப் பெயின்ட் வாங்கி மேலே பூசுங்கள்.

3. மேலிருந்து தொடங்குங்கள்.

கோளாறு கீழே, தண்ணீருக்குள் இருக்கும் காலில் இருக்கிறது. ஆகவே நீங்கள் மேலே போங்கள். பிளக்கை மாற்றுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி, மாட்டும்போது ஒரு வாஷரை மணலில் தொலையுங்கள். ரேஷன் மண்ணெண்ணெயைத் திட்டுங்கள், அதில் நியாயமும் இருக்கும். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுங்கள். கட்டும் கயிறு தண்ணீர் உறிஞ்சும் சல்லடைக்குப் பக்கத்தில் தொங்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக ஓடும்போது சூடானால் பம்ப்பையும், முழு வேகத்தில் மட்டும் சூடானால் உள்ளே வரும் வழியில் அடைப்பையும் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று கைதேர்ந்த மெக்கானிக் சொல்வார். எப்போது சூடாகிறது என்று அவர் கேட்டால், “எப்பவும்தாண்ணே” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுங்கள்.

4. ஆயிலைக் கூட்டுங்கள். பிறகு குறையுங்கள்.

50க்கு 1 என்று கம்பெனி சொன்னால், அதாவது லிட்டருக்கு 20 மில்லி என்றால், நீங்கள் 60 ஊற்றுங்கள். ஆயில் குளிர்ச்சி என்பது நம் கடற்கரையில் எல்லாரும் ஒத்துக்கொண்ட சங்கதி. ஆயில் கூடக் கூட, அதே அளவு கலவையில் எரிபொருள் குறையும், கலவை வறண்டு சூடு இன்னும் ஏறும். ஏறியதும் கோபத்தில் ஆயிலைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். 24க்கு 1 கேட்கும் பழைய என்ஜினுக்கு இது இன்னும் சிறப்பாக வேலை செய்யும்.

5. தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறியுங்கள்.

இதில் நீங்கள் ஏற்கெனவே தேர்ந்தவர், ஆனாலும் நுணுக்கம் சொல்கிறேன். தெர்மோஸ்டாட் என்பது ஹெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் சின்னக் கதவு. என்ஜின் சூடாகும்வரை மூடியிருந்து, பெரும்பாலும் 50க்கும் 60க்கும் இடைப்பட்ட டிகிரியில் திறக்கும். பழைய சிறு என்ஜின்கள் பலவற்றில் அது கிடையாது. இருந்தால், உப்புப் பிடித்து மூடியபடியே இறுகிவிடும். அதைச் சோதிக்க ஒரு சட்டி வெந்நீர் போதும். உள்ளே போட்டால் திறக்க வேண்டும், திறக்காவிட்டால் புதியது போட வேண்டும்.

சட்டியைத் தேடாதீர்கள், வீட்டில் திட்டுவார்கள். பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டு, “இனிமே ஐஸ் மாதிரி ஓடும் பாரு” என்று அறிவியுங்கள். உண்மையில் அப்படித்தான் ஓடும். கொஞ்ச நாள்.

நீங்கள் ஓட்டுவது மண்ணெண்ணெய் என்ஜின் என்பதை இங்கே நினைத்துக்கொண்டால் இன்பம் இரட்டிக்கும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோமே, ஏன்? சூடு இல்லாமல் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. எப்போதும் குளிர்ந்தே ஓடும் என்ஜினில் அது பாதி எரிந்து பாதி ஒழுகும். பிளக் நனையும், பிஸ்டன் தலையிலும் புகைபோகும் வழியிலும் கரி ஏறும், கரி ஏறிய ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும். சூட்டைக் குறைக்கப் போய் வேறு வழியில் என்ஜினைக் கொன்ற பெருமை உங்களுக்குக் கிடைக்கும். கல்லெறிந்தது ஒரு மாங்காய்க்குத்தான், விழுந்தது இரண்டு.

சூட்டையும் விட மனமில்லையா? பெட்ரோலுக்கென்றே செய்த ஹெட்டில் மண்ணெண்ணெயை ஊற்றி ஓட்டுங்கள். அந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் காலம் தவறி வெடிக்கும். உள்ளே சுத்தியல் தட்டும் ஓசை கேட்கும். அதைப் புல்லிங் பவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

6. நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவாதீர்கள்.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதுபோல, சிலிண்டரைச் சுற்றியுள்ள குறுகலான வழிகளிலும் அது படியும். ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்தபின் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதில் காலை இறக்கிச் சில நிமிடம் ஓட்டினால் படியாது என்பார்கள். இந்த இடத்தில் உங்கள் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன். குடம் விலை கொடுத்துக் குடிதண்ணீர் வாங்கும் ஊரில், ஒரு டிரம் தண்ணீரை என்ஜினுக்குக் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது? யமஹாக்காரனின் கையேட்டில் இதற்குப் பதில் இல்லை.

ஆனால் என் கவலை வேறு. உங்களில் சிலர் ஊற்றுத் தண்ணீரையாவது, மழைத் தண்ணீரையாவது பிடித்து வைத்து, வாரம் ஒருமுறையாவது ஓட்டிவிடுகிறீர்கள். உப்பு ஏறிய பாகத்தைக் கழற்றி வினிகரில் ஊறவைக்கிறவர்களும் இருக்கிறார்களாம். தயவுசெய்து இதையெல்லாம் நிறுத்துங்கள். என்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், வெளியே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பளபளவென்று துடைத்து வையுங்கள். உள்ளே இருக்கும் உப்பு உங்களைத் தொந்தரவு செய்யாது. அது இறுகுவதற்கு அமைதிதான் கேட்கிறது.

7. மணலையும் தாழையையும் ஊட்டுங்கள்.

பாக் நீரிணைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது இயற்கை கொடுத்த வரம். ஆழமில்லாத கடல், சேறு, அடியில் கடல்தாழை. முழங்கால் தண்ணீரிலேயே என்ஜினை இறக்கி முடுக்குங்கள். கலங்கிய சேற்றை இம்பெல்லர் உறிஞ்சி, தன்னைத் தானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்ளும். அலை அடிக்கும் கரைக்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். கரையேறும்போது கடைசி அலையில் வள்ளம் மணலில் ஏறியபிறகும் ஆக்சிலேட்டரை விடாதீர்கள். இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு. அது இல்லாமல் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. சல்லடையில் பாலிதீன் பை சிக்கினால் எடுக்க வேண்டாம், கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

8. வேறு வழியே இல்லையென்றால், இம்பெல்லரை இப்படி மாற்றுங்கள்.

யாராவது வற்புறுத்துவார்கள். பெரும்பாலும் மச்சான். “காலைக் கழட்டி அந்த ரப்பரப் பாரு மச்சான்” என்று நச்சரிப்பான். முதல் தற்காப்பு, ஸ்பேர் கிடைக்காது என்பது. ஓலே எவின்ரூட் 1909இல் தொடங்கிய அவுட்போர்டின் பெயரில் இப்போது என்ஜினே வருவதில்லை, 2020இல் நிறுத்திவிட்டார்கள் என்று புள்ளிவிவரத்தோடு அடியுங்கள். அவன் அசர மாட்டான். 1950களின் ஜான்சனுக்கும் எவின்ரூட்டுக்கும்கூட இம்பெல்லர் இன்றும் வேறு கம்பெனிகள் செய்கின்றன. ஒருநாள் வாங்கியே வந்துவிடுவான். மனம் தளராதீர்கள். இம்பெல்லரை மாற்றியும் என்ஜினைக் கெடுக்க முடியும்.

முதலில் போல்ட்டுகள். அலுமினியத்துக்குள் ஸ்டீல் போல்ட், நடுவே பல வருட உப்பு. மூன்றும் இப்போது ஒரே பொருள். சூடு காட்டி, எண்ணெய் விட்டு, ஒருநாள் ஊறவைத்து, முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றுவது சோம்பேறிகள் வழி. நீங்கள் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி ஒரே மூச்சில் திருகுங்கள். தலை மட்டும் கையோடு வரும். கியர் உள்ள மாடல் என்றால் கியர் கம்பியை எங்கே பிரிப்பது என்று தேடாதீர்கள், இழுங்கள். கால் பிரிய மறுத்தால் இரண்டு பாகமும் சேரும் இடத்தில் உளியை வைத்து அடியுங்கள். இனி அங்கே எந்தக் கேஸ்கெட்டும் உட்காராது.

திறந்ததும் பழைய இம்பெல்லரைப் பாருங்கள். ஆறு இதழில் நாலுதான் இருக்கிறதா? மீதி இரண்டும் எங்கே போயின என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவை செம்புக் குழாய் வழியாக மேலே போய், வளைவான ஏதோ ஓரிடத்தில் உட்கார்ந்து, உங்கள் புதிய இம்பெல்லரின் வரவுக்காகக் காத்திருக்கின்றன. இதழ் எல்லாம் இருந்து ஒரே பக்கம் மடங்கி விறைத்திருந்தால், அதைத் திருப்பி மாட்டிப் புதியதைப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். இம்பெல்லர் சுற்றும் கிண்ணத்தில் கோடு கோடாகக் கீறல் விழுந்திருக்கும். ரப்பருக்குத்தானே காசு கொடுத்தோம், கிண்ணத்தை ஏன் மாற்ற வேண்டும்?

புதியதையே போட்டாக வேண்டுமா? மேலிருந்து பார்த்தால் ஷாஃப்ட் பெரும்பாலும் வலப்புறமாகத்தான் சுற்றும். நீங்கள் இடப்புறமாகத் திருகிக்கொண்டே இம்பெல்லரைக் கிண்ணத்துக்குள் திணியுங்கள். சோப்புத் தண்ணீர் தடவ வேண்டாம். இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் அரைவட்டச் சாவி, நகத்தளவுதான் இருக்கும், மணலில் விழுந்துவிடும். விழட்டும். அது இல்லாவிட்டால் ஷாஃப்ட் தன் பாட்டுக்குச் சுற்றும், இம்பெல்லர் தன் பாட்டுக்கு நிற்கும். புதிய ரப்பர் தேயவே தேயாது.

இனி இந்தக் கையேட்டின் உச்சம். கவனமாகக் கேளுங்கள். காலை மறுபடி மேலே ஏற்றும்போது, அந்தச் செம்புக் குழாயின் நுனி பம்ப்பின் தலையில் உள்ள ரப்பர் வளையத்துக்குள் நேராக இறங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, விரலும் போகாது. டார்ச் அடித்து, ஒருவர் பிடிக்க இன்னொருவர் பார்த்து, பொறுமையாக இறக்க வேண்டிய வேலை. நீங்கள் தனியாளாகத் தூக்கி, முழங்காலால் முட்டி, போல்ட்டை முறுக்கிவிடுங்கள். குழாய் வளையத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இனிமேல் புதிய இம்பெல்லர் பிரமாதமாக உழைக்கும், தண்ணீர் முழுவதும் காலுக்குள்ளேயே கொட்டிக் கடலுக்குப் போகும், மேலே ஒரு சொட்டும் ஏறாது. கழற்றிப் பார்த்தால் எல்லாம் புதிதாக இருக்கும். ஊரில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. “ரப்பர மாத்தியும் சூடாகுது பாத்தியா?” என்று மச்சானிடம் கேளுங்கள். இதற்காகவே இவ்வளவு பாடும்.

9. ஒரு பிளக் மட்டும் புதிதுபோல் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து, ஆவியாகிப் பிளக்கைக் கழுவுகிறது. இலவசச் சேவை.

10. கடலில் நின்றுவிட்டால்.

சத்தம் கனக்கும், வேகம் குறையும், பிறகு கப்பென்று பிடித்துக்கொள்ளும். அலுமினிய பிஸ்டன் விரிந்து இரும்பு லைனரோடு கட்டிப் புரள்கிறது. உடனே வாளியில் கடல் தண்ணீர் மொண்டு ஹெட்டின் மீது ஊற்றுங்கள். உஸ்ஸென்று ஆவி பறக்கும், பார்க்க நன்றாக இருக்கும், ஹெட் கோணினாலும் கோணும், விரிசல் விட்டாலும் விடும். பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் பிஸ்டன் சுருங்கி, கயிற்றை இழுத்தால் சுற்ற ஆரம்பித்துவிடும். கோளாறு தானாகவே சரியாகிவிட்டது என்று அறிவித்து, முழு வேகத்தில் கிளம்புங்கள். லைனரில் விழுந்த கீறலில் அழுத்தம் கசியும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பிடிக்கும். அதற்கடுத்த தடவை விடவே விடாது.

துடுப்பை வீட்டில் விட்டு வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனி காற்றும் நீவாடும்தான் மாலுமி. கச்சான் காற்று வீசும் மாதமா, வாடைக்காற்று மாதமா என்பதைப் பொறுத்து, 1974இல் பாக் நீரிணையில் வரைந்த எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் விடியும் என்பது தெரியும். கோட்டைத் தாண்டி மிதந்துவிட்டால், என்ஜின் சூடாகி நின்றுவிட்டது என்று கடற்படையிடம் சொல்லிப் பாருங்கள். அவர்களும் அதைப் பலமுறை கேட்டிருப்பார்கள். விசாரணையில் யாராவது அக்கறையாக, “கடைசியாக இம்பெல்லர் எப்போது மாற்றியது?” என்று கேட்டால் மட்டும் தடுமாறிவிடாதீர்கள்.

11. விற்றுவிடுங்கள்.

இதற்குமேல் உங்களால் அதைக் கெடுக்க முடியாது, இன்னொருவருக்கு வாய்ப்புக் கொடுங்கள். நீலப் பெயின்ட் இன்னொரு கோட். ஸ்டிக்கர் புதிதாக ஒட்டுங்கள். வாங்க வருபவர் பக்கத்து ஊர் சித்தப்பாவாக, கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால், போரைத் தேய்த்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, மெக்கானிக் கையால் புது இம்பெல்லரும் மாட்டி வைத்தால்தான் தொடுவேன் என்பார். சரி என்று செய்துவிடுங்கள். குழாய் வளையத்துக்குள் இறங்கியதா என்று மெக்கானிக்கே டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்வார்.

சித்தப்பா வந்ததும், வேப்பமரத்தடி ஸ்டாண்டில் என்ஜினை மாட்டுங்கள். உங்கள் பையன் ஓடி வந்து, “டிரம்முல தண்ணி ரொப்பட்டுமாப்பா?” என்று கேட்பான். அதெல்லாம் வேண்டாம், சும்மா ரெண்டு நிமிஷம்தானே என்று சொல்லுங்கள். கயிற்றை இழுங்கள். முழுதாக முடுக்குங்கள். “சத்தம் எப்படி சித்தப்பா?” என்று கேளுங்கள். அவர் தலையாட்டியதும் முன்பணத்தை வாங்கி எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணி முடிக்கும்வரை என்ஜின் ஓடட்டும்.